அணிக் கணக்கிலிருந்து ரிக்ரஷன் கோடு வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிக்ரஷன் கோடு என்பது தரவுப் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் போகும் கோடு. அதன் சமன்பாட்டை அணிகளை (எண் அட்டவணைகளை) வைத்துக் கண்டுபிடிக்கலாம். கணக்கு சரியாக வந்துவிடுகிறது, கோடுதான் புள்ளிகளை விட்டு எங்கோ போகிறது. மொரிஷியஸில் புள்ளியியல் படிக்கும் மாணவர்களானாலும், கரும்புத் தோட்ட அலுவலகத்தில் விளைச்சல் கணக்கு பார்ப்பவர்களானாலும், கேள்வி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளை வைத்து எழுதப்பட்டவை. எக்செல், பைதான், ஸ்டேட்டா ஆகியவற்றில் வேறுபடும் இடங்கள் தனியாக வரும். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறோம். கணினியில் அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலையே தட்ட வேண்டும்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே தரவு. போர்ட் லூயி கடலோரத்திலிருந்து க்யூர்பிப் மேட்டுநிலத்துக்கு ஏறும்போது குளிர்கிறதே, அதை மனதில் வைத்து நாங்களே அமைத்த பயிற்சி எண்கள் இவை. யாரும் அளந்தவை அல்ல.

உயரம் (நூறு மீட்டரில்): 0, 1, 2, 3, 4, 5
வெப்பநிலை (செல்சியஸ்): 24.6, 24.1, 23.2, 22.7, 22.0, 21.4

எல்.எம். கட்டளை ஒரே வரியில் விடை தரும்போது அணி எதற்கு?

எல்.எம். என்பது ஆர் மென்பொருளின் ரிக்ரஷன் கட்டளை. அன்றாட வேலைக்கு அது போதும். பாடத்தில் கேட்கிறார்கள் என்றாலோ, எல்.எம். நேரடியாகத் தராத ஏதாவது ஒன்றைக் கட்ட வேண்டும் என்றாலோ (உதாரணமாக, நாமே தேர்ந்தெடுத்த சில சாய்வுகளை ஒன்றாகச் சோதிப்பது) அணி கைகொடுக்கும். மற்றபடி அதில் பெருமை ஒன்றும் இல்லை.

எக்ஸ் அணியை எப்படி அமைப்பது? விடை சரியா என்று கையால் பார்க்க முடியுமா?

முடியும், ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். ஒய் என்பது வெப்பநிலை. எக்ஸ் அணிக்கு இரண்டு நிரல்கள் (மேலிருந்து கீழாக வரும் வரிசைகள்). முதல் நிரல் முழுக்க 1, இரண்டாவது உயரம். ஆர் மென்பொருளில்:

எக்ஸ் = சிபைண்ட்(1, உயரம்)
பீட்டா = சால்வ்(கிராஸ்பிராட்(எக்ஸ்), கிராஸ்பிராட்(எக்ஸ், ஒய்))

பீட்டாவில் இரண்டு எண்கள் வரும்: முதலில் வெட்டுத்துண்டு (உயரம் 0-இல் கோட்டின் மதிப்பு), அடுத்து சாய்வு. கிராஸ்பிராட்(எக்ஸ்) என்பது எக்ஸின் நிரை நிரல் மாற்று அணியை எக்ஸால் பெருக்குவது. நம் தரவுக்கு அது 2×2 அணி: முதல் நிரையில் 6, 15, இரண்டாம் நிரையில் 15, 55. தரவுகளின் எண்ணிக்கை 6, உயரங்களின் கூட்டல் 15, அவற்றின் வர்க்கங்களின் கூட்டல் 55. அணிக்கோவை 6 × 55 − 15 × 15 = 105. வலப்பக்கம் வெப்பநிலைகளின் கூட்டல் 138, உயரத்தையும் வெப்பநிலையையும் பெருக்கிக் கூட்டினால் 333.6.

சாய்வு = (6 × 333.6 − 15 × 138) ÷ 105 = −68.4 ÷ 105 = −0.6514
வெட்டுத்துண்டு = 23 + 0.6514 × 2.5 = 24.6286

100 மீட்டர் ஏறினால் 0.65 டிகிரி குறைகிறது. சீர்தர வளிமண்டலக் கணக்கில் வரும் வீதமும் அதுதான். எண்களை அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம்.

பெருக்கலுக்கு %*% குறியைப் பயன்படுத்துங்கள். வெறும் * போட்டால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். அளவுகள் பொருந்தாவிட்டால் பிழைச்செய்தி வந்து காப்பாற்றிவிடும். சதுர அணிகளில் பொருந்திவிடும், அப்போது செய்தியே இல்லாமல் தவறான விடை கிடைக்கும்.

பாடநூல் சூத்திரத்தை அப்படியே எழுதி முதலில் நேர்மாறு கண்டுபிடித்துப் பிறகு பெருக்குவதைவிட, மேலே உள்ளதுபோல் சால்வ் கட்டளைக்கு இரண்டு உள்ளீடுகளையும் கொடுத்துச் சமன்பாட்டை நேராகத் தீர்ப்பது நல்லது. வேலையும் குறைவு, பிழையும் குறைவு. நேர்மாறு அணி திட்டப்பிழைக்குத் தேவைப்படும்போது மட்டும் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

பீட்டா வந்துவிட்டது. கோட்டை எப்படிப் போடுவது?

முதலில் பிளாட்(உயரம், வெப்பநிலை). அதன் பிறகு:

ஏபிலைன்(ஏ = பீட்டா[1], பி = பீட்டா[2])

ஏ வெட்டுத்துண்டு, பி சாய்வு. இரண்டையும் பெயரிட்டே கொடுங்கள். எந்த எண் எங்கே போகிறது என்பது ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் தெரியும்.

ஏபிலைன் கோட்டைப் படச் சட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை இழுத்துவிடும். தரவு 0 முதல் 500 மீட்டர் வரைதான் என்றால் கோடும் அதற்குள் நிற்பதே நேர்மை. அதற்கு இரண்டு முனைகள் போதும்:

முனை = ரேஞ்ச்(உயரம்)
லைன்ஸ்(முனை, பீட்டா[1] + பீட்டா[2] * முனை)

ஜிஜிபிளாட் என்ற ஆர் வரைபடத் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் ஜியோம்_ஏபிலைன் கட்டளைக்கு வெட்டுத்துண்டும் சாய்வும் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் அது குறை சொல்லாது. வெட்டுத்துண்டு 0, சாய்வு 1 என்று தானே வைத்துக்கொண்டு ஒரு கோட்டைப் போட்டுவிடும். ஜியோம்_ஸ்மூத் கோட்டை உங்கள் கோட்டுக்கு மேல் போட்டு ஒப்பிடலாம். ஆனால் அது தன் கணக்கைத் தானே புதிதாகப் போடுகிறது. அந்தக் கோடு சரியாக இருப்பதால் உங்கள் அணி சரி என்று ஆகிவிடாது.

கோடு தெரியவே இல்லை. அல்லது செங்குத்தாக நிற்கிறது. என்ன பிழை?

கோடு நிற்கும் விதத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். நம் தரவையே வைத்துக்கொள்வோம்.

ஏறத்தாழ செங்குத்தான கோடு உயரம் 1-க்கு அருகே நின்றால், ஏ-யும் பி-யும் இடம் மாறியிருக்கின்றன. சாய்வு 24.6 ஆகிவிட்டது. வெப்பநிலைச் சட்டத்தின் அடியிலிருந்து உச்சிவரை அந்தக் கோடு 0.9-க்கும் 1.03-க்கும் இடையிலேயே ஏறி முடிந்துவிடும்.

இறங்க வேண்டிய கோடு, சட்டத்தின் வலப்பக்கத்தில் 3.5-க்கும் 4-க்கும் நடுவே செங்குத்தாக ஏறினால் எக்ஸ் அணியில் 1-களின் நிரல் விட்டுப்போயிருக்கிறது. அப்போது கோடு தொடக்கப்புள்ளி வழியாகப் போயே ஆக வேண்டும். சாய்வு 333.6 ÷ 55 = 6.07. குறைய வேண்டியது கூடுகிறது. பைதானில் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் தொகுப்பின் ஓஎல்எஸ் கட்டளை இந்த நிரலைத் தானாகச் சேர்க்காது. ஆட்_கான்ஸ்டன்ட் போட மறப்பதுதான் அங்கே வழக்கமான சறுக்கல்.

கோடு அடியோடு காணவில்லை என்றால் பிளாட் கட்டளையில் அச்சுகள் மாறியிருக்கலாம். கிடை அச்சில் வெப்பநிலையை வைத்துவிட்டால் கோடு 8.6 முதல் 10.7 வரையிலான உயரத்தில் ஓடும். சட்டம் 5-இலேயே முடிந்துவிடுகிறது. அச்சை மாற்றிப் போட வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், சாய்வைத் தலைகீழாக்கி ஒப்பேற்ற முயலாதீர்கள். வெப்பநிலையிலிருந்து உயரத்தைக் கணிக்கும் ரிக்ரஷன் வேறு கோடு. அதன் சாய்வு −11.4 ÷ 7.46 = −1.528. முதல் சாய்வின் தலைகீழோ −1.535. இங்கே புள்ளிகள் கோட்டை ஒட்டியே இருப்பதால் வித்தியாசம் சிறிது. சிதறிய தரவில் இரண்டு கோடுகளும் கத்தரிபோல் விரிந்து நிற்கும்.

கோடு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கீழே விழுந்தால் அலகுதான் காரணம். அணியில் உயரத்தை நூறு மீட்டராக வைத்து, படத்தில் மீட்டராகப் போட்டால் சாய்வை 100-ஆல் வகுக்க வேண்டும், அதாவது −0.0065. மறந்தால், 500 மீட்டர் அகலத்தில் இறங்க வேண்டிய கோடு முதல் 5 மீட்டரிலேயே இறங்கிவிடும்.

கரும்புக் கணக்கில் இதே சிக்கல் ஆர்ப்பான் என்ற நில அளவின் வடிவில் வரும். பழைய பேரேடுகளில் விளைச்சல் ஆர்ப்பானுக்கு இத்தனை டன் என்று இருக்கும், புதிய அறிக்கைகளில் ஹெக்டேருக்கு. 1 ஆர்ப்பான் 0.422 ஹெக்டேர். விளைச்சலை ஹெக்டேருக்கு மாற்றினால் வெட்டுத்துண்டு, சாய்வு இரண்டுமே 2.37 மடங்காகும். சாய்வை மட்டும் மாற்றிவிட்டு வெட்டுத்துண்டை அப்படியே விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதைவிட விபரீதம், ஒரே நிரலில் பாதி ஆண்டுகள் ஆர்ப்பானிலும் மீதி ஹெக்டேரிலும் இருப்பது. அதை எந்த அணியும் சொல்லிக்கொடுக்காது. புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அணியைப் பெருக்கினால் ‘எண் அணி தேவை’ என்று பிழைச்செய்தி வருகிறது. என் கோப்பில் எண்கள்தானே இருக்கின்றன?

கோப்பைத் திறந்து தசமக் குறியைப் பாருங்கள். பிரெஞ்சு அமைப்பில் உள்ள கணினியில் எக்செல் 24.6 என்பதை 24,6 என்று எழுதும், நிரல்களை அரைப்புள்ளியால் பிரிக்கும். இங்கே ஆங்கில அமைப்பும் பிரெஞ்சு அமைப்பும் ஒரே அலுவலகத்தில் கலந்து கிடக்கின்றன. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து வரும் கோப்புகள் பெரும்பாலும் பிரெஞ்சு அமைப்பில்தான் இருக்கும். அதை ரீட்.சிஎஸ்வி கொண்டு அரைப்புள்ளியை மட்டும் பிரிப்பான் என்று சொல்லிப் படித்தால், 24,6 எழுத்துச் சரமாகவே உள்ளே வரும். ஆஸ்.மேட்ரிக்ஸ் போட்டால், ஒரு நிரல் எழுத்தாக இருந்தாலே அணி முழுவதும் எழுத்தாகிவிடும். உங்களுக்கு வரும் பிழைச்செய்தி அதனால்தான்.

இதற்கு மருந்து ரீட்.சிஎஸ்வி2. அரைப்புள்ளிப் பிரிப்பையும் காற்புள்ளித் தசமத்தையும் அது இயல்பாக எதிர்பார்க்கும். படித்து முடித்ததும் எஸ்டிஆர் கட்டளையால் ஒவ்வொரு நிரலும் எண்ணாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிழைச்செய்தி வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அது வராமல் போகும் வழி ஒன்று உண்டு. ஆஸ்.மேட்ரிக்ஸுக்குப் பதில் டேட்டா.மேட்ரிக்ஸ் போட்டால், எழுத்துச் சரங்களை அகரவரிசையில் அடுக்கி 1, 2, 3 என்று எண் கொடுத்துவிடும். நம் வெப்பநிலைகள் அப்போது 6, 5, 4, 3, 2, 1 ஆகும். சாய்வு −1, வெட்டுத்துண்டு 6, எச்சங்கள் (புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்கள்) எல்லாம் பூச்சியம். ஆறு புள்ளிகளும் கோட்டின் மேலேயே அமர்ந்திருக்கும் அழகான படம் கிடைக்கும். நிலை அச்சில் 24 எங்கே என்று தேடினால்தான் குட்டு வெளிப்படும். பொருத்தம் அளவுக்கு மீறி நன்றாக இருந்தால் முதலில் அச்சைப் பாருங்கள்.

எக்செலிலேயே செய்யலாமா?

செய்யலாம். ஆங்கில எக்செலில் எம்மல்ட், எம்இன்வர்ஸ், டிரான்ஸ்போஸ் மூன்றும் போதும். பிரெஞ்சு எக்செலில் அவற்றின் பெயர்கள் ப்ரொட்யுய்மாட், ஆன்வெர்ஸ்மாட், ட்ரான்ஸ்போஸ். லைன்எஸ்ட் அங்கே ட்ருவாத்ரெக். ஒருவர் அனுப்பும் கோப்பைத் திறந்தால் பெயர்கள் தாமாக மாறிக்கொள்ளும். மின்னஞ்சலில் எழுத்தாக வந்த சூத்திரத்தை ஒட்டினால் மாறாது, பெயர் தெரியாது என்ற பிழைதான் வரும். பிரெஞ்சு அமைப்பில் சூத்திரத்துக்குள்ளும் பிரிப்பான் அரைப்புள்ளி. பழைய பதிப்புகளில் விடை விழ வேண்டிய கட்டங்களை முதலில் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். வெறும் என்டர் போட்டால் ஒரே ஒரு எண்தான் விழும்.

இரண்டு பொறிகள் உண்டு. லைன்எஸ்ட் விடையைத் தலைகீழ் வரிசையில் தரும்: சாய்வு முதலில், வெட்டுத்துண்டு கடைசியில். பல மாறிகள் இருந்தால் கடைசி மாறியின் சாய்வு முதலில் வரும். அதை அப்படியே ஆர் மென்பொருளுக்கு எடுத்துச் சென்றால் மேலே சொன்ன செங்குத்துக் கோடுதான்.

இரண்டாவது, படத்தின் வகை. சிதறல் வரைபடத்துக்குப் பதில் கோட்டு வரைபடம் எடுத்துவிட்டால், உயரங்களை எக்செல் வெறும் பெயர்களாகக் கொண்டு 1 முதல் 6 வரை எண்ணிக்கொள்ளும். போக்குக் கோட்டின் சமன்பாட்டில் வெட்டுத்துண்டு 24.63 வராது, 25.28 வரும். நம் உயரங்கள் ஒன்று ஒன்றாக ஏறுவதால் சாய்வு தப்பிவிடுகிறது. இடைவெளி சீராக இல்லாத தரவில் சாய்வும் போய்விடும்.

ஆண்டை எக்ஸ் ஆக வைத்து வளைகோடு பொருத்தினேன். அணி ஏறத்தாழ சிறப்பு அணி (நேர்மாறு இல்லாத அணி) என்று சால்வ் மறுக்கிறது. அதே தரவுக்கு எல்.எம். விடை தருகிறது. எது பொய் சொல்கிறது?

இரண்டும் உண்மையே சொல்கின்றன. 2001 முதல் 2010 வரையிலான ஆண்டுகளையும் அவற்றின் வர்க்கங்களையும் நிரல்களாக வையுங்கள். 1, 2005 சுற்றுவட்டம், 40 லட்சம் சுற்றுவட்டம் என மூன்று நிரல்கள். ஒவ்வொரு நிரலும் கீழிறங்கும்போது மிகச் சிறிதே மாறுகிறது. அதனால் ஒன்று மற்றொன்றின் நிழல்போல் ஆகிவிடுகிறது. எக்ஸை அதன் நிரை நிரல் மாற்றால் பெருக்கும்போது இந்தக் கோளாறு வர்க்கமாகப் பெருகும். மிகப் பெரிய ஐகன் மதிப்புக்கும் மிகச் சிறியதுக்கும் உள்ள விகிதம் இந்தத் தரவில் 1-க்குப் பின் 24 பூச்சியங்களைத் தாண்டுகிறது. கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணோ 16 இலக்கம்தான் தாங்கும். சால்வ் மறுப்பது நியாயமே.

எல்.எம். அந்தப் பெருக்கலைச் செய்வதே இல்லை. ஹவுஸ்ஹோல்டர் முறையில் எக்ஸ் அணியையே கியூஆர் காரணிகளாகப் பிரித்துத் தீர்க்கிறது. கோளாறு வர்க்கமாவதில்லை. இருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. கன அடுக்கையும் சேர்த்தால், அதன் இயல்பான பொறுதி எல்லையான ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்போது அந்தக் கெழுவுக்கு (பீட்டாவில் உள்ள எண்ணுக்கு) எதிரே என்.ஏ. (மதிப்பு இல்லை) என்று வரும். பிழைச்செய்தி இராது.

தீர்வு எளிது. ஆண்டிலிருந்து சராசரியைக் கழித்துவிடுங்கள். 2001–2010 என்பது −4.5 முதல் 4.5 வரை ஆகும். சால்வ் சத்தமில்லாமல் வேலை செய்யும். வரையும்போது படத்தின் கிடை அச்சில் உண்மையான ஆண்டும், கணக்கில் கழித்த ஆண்டும் இருக்க வேண்டும்:

லைன்ஸ்(ஆண்டு, பீட்டா[1] + பீட்டா[2] * (ஆண்டு − 2005.5) + பீட்டா[3] * (ஆண்டு − 2005.5)^2)

பொறுதி எல்லையைக் குறைத்து சால்வை மிரட்டி விடை வாங்கும் யோசனை சிலருக்கு வரும். வரும் எண்களில் நம்பத்தக்க இலக்கம் ஒன்றுகூட இருக்காது.

வளைகோடு சிலந்தி வலைபோல் முன்னும் பின்னும் ஓடுகிறது.

லைன்ஸ் கட்டளை புள்ளிகளைக் கொடுத்த வரிசையிலேயே இணைக்கும். தரவு வரிசைப்படி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். நேர்கோட்டில் இது வெளியே தெரியாது, ஒரே பாதையில் போய்வரும். வளைகோட்டில் தெரிந்துவிடும். ஆர்டர் கட்டளையால் வரிசைப்படுத்துங்கள். அதைவிட, சிறும மதிப்பிலிருந்து பெரும மதிப்பு வரை 200 சம இடைவெளிப் புள்ளிகள் எடுத்து, அவற்றுக்குப் புதிய எக்ஸ் அணி கட்டி, பீட்டாவால் பெருக்கிப் போட்டால் வளைவும் வழவழப்பாக வரும்.

பீட்டா முழுவதும் என்.ஏ. என்று வருகிறதே?

தரவில் எங்கோ ஒரு கட்டம் காலி. அணிப் பெருக்கலில் ஒரு என்.ஏ. போதும், அது தொட்ட கூட்டல் எல்லாம் என்.ஏ. ஆகிவிடும். எல்.எம். அந்த நிரையைப் பேசாமல் விட்டுவிட்டுக் கணக்கு போடும். நீங்களே செய்யும்போது கம்ப்ளீட்.கேசஸ் கொண்டு எக்ஸ், ஒய் இரண்டிலும் ஒரே நிரைகளை நீக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நீக்கினால் உயரங்கள் வேறு ஊர்களின் வெப்பநிலைகளோடு ஜோடி சேரும்.

கோட்டைச் சுற்றி நம்பிக்கைப் பட்டை வரைவது எப்படி?

நம்பிக்கைப் பட்டை என்பது உண்மையான கோடு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டுவது. அணி வழியில் போனதற்கு உண்மையான பலன் இங்கேதான்.

எச்சங்களின் வர்க்கக் கூட்டல் நம் தரவில் 0.0337. தரவு 6, மதிப்பிட்டவை 2, மீதி 4. அதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலகல் 0.0918. கிராஸ்பிராட்(எக்ஸ்)-இன் நேர்மாறு அணியில் முதல் நிரை 0.5238, −0.1429, இரண்டாம் நிரை −0.1429, 0.0571. வரைய வேண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் (1, உயரம்) என்ற நிரையை நேர்மாறு அணியின் இரு பக்கமும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.0918-ஆல் பெருக்கினால் கோட்டின் திட்டப்பிழை. அதை டி பரவலின் 2.776-ஆல் பெருக்க வேண்டும். க்யூடி(0.975, 4) அந்த எண்ணைத் தரும். 1.96 போடாதீர்கள். 6 புள்ளிகளுக்கு அது பட்டையை ஏறத்தாழ 30 சதவீதம் குறுக்கிவிடும்.

விடையைச் சரிபார்க்க: நடுவில், உயரம் 2.5-இல், பட்டை ±0.10. கடலோரத்தில் ±0.18. பட்டை நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் விரிய வேண்டும். இரண்டு இணைகோடுகளாக வந்தால் கணக்கில் உயரம் சேரவில்லை என்று பொருள். புதிதாக ஒரு நிலையத்தில் அளக்கப்போகும் வெப்பநிலைக்கான பட்டை வேண்டுமானால், வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டுங்கள். நடுவில் அது ±0.28 ஆகும். இரண்டு பட்டைகளில் எதைப் போட்டீர்கள் என்று படத்தின் அடியில் எழுதாவிட்டால் படிப்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்.

200 புள்ளிகளுக்கு ஒரே வீச்சில் செய்ய:

ரோசம்ஸ்((புதியஎக்ஸ் %*% நேர்மாறு) * புதியஎக்ஸ்)

இங்கே கடைசிப் பெருக்கல் வெறும் * தான். உறுப்புக்கு உறுப்பு பெருக்குவது தேவைப்படும் இடம் இது. முழு அணியைப் பெருக்கி மூலைவிட்டத்தை மட்டும் எடுக்கும் வழியும் உண்டு. 10,000 புள்ளிகளுக்கு அந்த அணி மட்டும் 800 மெகாபைட் நினைவகம் கேட்கும்.

கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் தனித்தனிக் கோடு வேண்டும். தரவை இரண்டாக வெட்ட வேண்டுமா?

வேண்டாம். தென்கிழக்கு வணிகக் காற்று மோதும் ஃபிளாக் பக்கமும் மழை மறைவில் உள்ள பிளாக் ரிவர் பக்கமும் ஒரே அணியில் இருக்கலாம். எக்ஸில் மூன்றாவது நிரல்: கிழக்கு என்றால் 1, மேற்கு என்றால் 0. இவ்வளவோடு நிறுத்தினால் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். மேற்குக்கு வெட்டுத்துண்டு பீட்டா[1], கிழக்குக்கு பீட்டா[1] + பீட்டா[3], சாய்வு இரண்டுக்கும் பீட்டா[2]. சாய்வும் வேறுபடலாம் என்று நினைத்தால் நான்காவது நிரலாக உயரத்தையும் அந்த 0–1 நிரலையும் பெருக்கி வையுங்கள். கிழக்கின் சாய்வு பீட்டா[2] + பீட்டா[4] ஆகும்.

கிழக்குக்கு ஒரு நிரல், மேற்குக்கு ஒரு நிரல், கூடவே 1-களின் நிரல் என்று மூன்றும் வைத்தால் முதல் இரண்டின் கூட்டல் மூன்றாவதாகிவிடும். சால்வ் மறுத்துவிடும். ஸ்டேட்டாவின் அணிக் கணக்கு மொழியான மாட்டாவில் உள்ள இன்வ்சிம் மறுக்காது. ஒரு நிரலைத் தானே பூச்சியமாக்கிவிட்டு மேலே போகும். விடையில் காரணமின்றி ஒரு 0 இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இரண்டு அளவு மாறிகள் இருக்கும் மாதிரியை, உதாரணமாக உயரமும் மழையும், தாளில் ஒரே கோடாக வரைய முடியாது. மழையை அதன் சராசரியில் நிறுத்தி, பீட்டா[1] + பீட்டா[3] × சராசரி மழை என்பதை வெட்டுத்துண்டாக்கி வரையுங்கள். எல்.எம். விடையை நேரே ஏபிலைனுக்குக் கொடுத்தால் முதல் இரண்டு கெழுக்களை மட்டும் எடுத்துக்கொண்டதாக எச்சரிக்கும். எச்சரித்துவிட்டுக் கோட்டையும் போடும். அது மழையே இல்லாத ஊருக்கான கோடு.

சைக்லோன் அடித்த ஆண்டு கோட்டை இழுத்துவிடுகிறது. அந்தப் புள்ளியை எடுத்துவிடலாமா?

1960-இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு சைக்லோன்கள் அந்த ஆண்டுக் கரும்பைச் சாய்த்தன. நீண்ட விளைச்சல் தொடரில் அந்தப் புள்ளி மற்றவற்றை விட்டுத் தனியே கீழே கிடக்கும். எடுத்துவிடுவதைவிட, அந்த ஆண்டுக்கு மட்டும் 1, மற்றவற்றுக்கு 0 என்று ஒரு நிரல் சேர்ப்பது மேல். கோட்டின் சாய்வைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விடைதான். ஆனால் நிரல் சேர்த்தால் அந்த ஆண்டின் இழப்பு எவ்வளவு என்பதும் ஒரு கெழுவாகக் கிடைக்கும், புள்ளியும் படத்தில் நிற்கும். அதற்கு வேறு குறி கொடுத்து, அடியில் காரணம் எழுதுங்கள். சுமாரான புயல் அடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இப்படி நிரல் சேர்த்துக்கொண்டே போவது மட்டும் வேண்டாம். கோட்டுக்குப் பிடிக்காத புள்ளிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றுவதற்கு அது மரியாதையான பெயர்.

மடக்கை அச்சில் கோடு தப்பான இடத்தில் விழுகிறது.

ஆர் மென்பொருளின் லாக் கட்டளை இயற்கை மடக்கை. வரைபடத்தின் மடக்கை அச்சோ 10 அடிமானம். ஒய்-க்கு லாக் எடுத்துப் பொருத்திய பீட்டாவை, நிலை அச்சு மடக்கையாக உள்ள படத்தில் ஏபிலைனுக்குக் கொடுத்தால் எல்லாம் 2.302585 மடங்கு பெரிதாக இருக்கும். இரு கெழுக்களையும் அதால் வகுங்கள், அல்லது தொடக்கத்திலேயே லாக்10 எடுத்துப் பொருத்துங்கள். குழப்பமே வேண்டாம் என்றால் எக்ஸ்ப்(எக்ஸ் %*% பீட்டா) கண்டு லைன்ஸ் கட்டளையால் போடுங்கள், எந்த அச்சிலும் சரியாக விழும். அந்த வளைகோடு ஒய்-யின் சராசரியைக் காட்டாது, பெருக்குச் சராசரியைக் காட்டும். கூட்டுச் சராசரி அதற்கு மேலே இருக்கும்.

பைதானிலும் ஸ்டேட்டாவிலும் கவனிக்க வேண்டியவை?

பைதானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பையில் அணிப் பெருக்கலுக்கு @ குறி. பொறி வேறிடத்தில் இருக்கிறது. ஒய்-யை 6×1 நிரலாகவும் பொருத்திய மதிப்பை வெறும் 6 நீளத் தொடராகவும் வைத்துக் கழித்தால், நம்பை இரண்டையும் விரித்து 6×6 அட்டவணை ஆக்கிவிடும். பிழைச்செய்தி இல்லை. வர்க்கக் கூட்டல் 0.034 வர வேண்டிய இடத்தில் 89.3 வரும். கோடு சரியாகவே இருக்கும், பட்டை மட்டும் படத்தை விழுங்கிவிடும். கழித்ததும் ஷேப் என்னவென்று பாருங்கள். கோட்டுக்கு மேட்பிளாட்லிப் என்ற வரைபடத் தொகுப்பின் ஆக்ஸ்லைன் வசதி. வெட்டுத்துண்டுப் புள்ளியையும் சாய்வையும் கொடுத்தால் போதும். பாலிஃபிட் எக்செல்போலவே உயர்ந்த அடுக்கை முதலில் தரும்.

ஸ்டேட்டாவில் மேட்ரிக்ஸ் அக்யூம் கட்டளை 1-களின் நிரலைத் தானே சேர்த்துக் கடைசியில் வைக்கும். நீங்களும் ஒன்று சேர்த்தால் இரண்டாகிவிடும். வெட்டுத்துண்டு அங்கே எப்போதும் கடைசி. கோட்டுக்கு டூவே ஃபங்ஷன் கட்டளையில் சமன்பாட்டை எழுதி, ரேஞ்ச் 0 முதல் 5 என்று கொடுங்கள்.

வரைந்த கோடு சரிதானா என்று விரைவாகப் பார்க்க வழி?

வெட்டுத்துண்டு உள்ள எந்த மீச்சிறு வர்க்கக் கோடும் இரு சராசரிகளும் சந்திக்கும் புள்ளி வழியே போகும். நம் தரவில் அது (2.5, 23). அங்கே ஒரு சிவப்புப் புள்ளி போடுங்கள். கோடு அதைத் தொடாவிட்டால் மேலே படிக்க வேண்டியதில்லை, தவறு இருக்கிறது. தொட்டால் சாய்வு இன்னும் தவறாக இருக்கலாம். எச்சங்களை உயரத்தால் பெருக்கிக் கூட்டி 0 வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அறிக்கையில் சமன்பாட்டை எத்தனை தசமத்தில் எழுதுவது?

எக்ஸ் சிறிய எண்ணாக இருந்தால் இரண்டு மூன்று தசமம் போதும். ஆண்டை அப்படியே எக்ஸ் ஆக வைத்தவர்கள் சுருக்கக் கூடாது. 0.6514 என்ற சாய்வை 0.65 என்று எழுதினால், 2005-ஆம் ஆண்டில் கோடு 2.8 அலகு நகர்ந்துவிடும். ‘அறிக்கையில் உள்ள சமன்பாட்டைப் போட்டால் அறிக்கையில் உள்ள கோடு வரவில்லை’ என்ற புகார் பெரும்பாலும் இதனால்தான் எழுகிறது. படத்தை வரையும்போது சுருக்கிய எண்ணைத் தட்டச்சு செய்யாமல் பீட்டாவையே பயன்படுத்துங்கள்.

அறிக்கை பிரெஞ்சில் என்றால் அச்சு எண்களிலும் காற்புள்ளி வேண்டும். ஆப்ஷன்ஸ் கட்டளையில் அவுட்டெக் என்பதற்குக் காற்புள்ளியைக் கொடுத்தால் திரையிலும் படத்தின் அச்சிலும் 24,6 என்று வரும். கோப்பைப் படிக்கும் விதத்தை அது மாற்றாது. அதற்கு ரீட்.சிஎஸ்வி2-தான்.